எந்த மாத்திரையை நிறுத்தலாம், டாக்டர்?

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். டாக்டரிடம் போய்விட்டு வந்தால் சீட்டில் ஒரு வரி கூடியிருக்கும், குறைந்ததாகச் சரித்திரம் இல்லை. எங்கள் வீட்டில் குறைந்தது. அது எப்படி நடந்தது என்று உறவுக்காரர்கள் ஆளாளுக்கு போன் பண்ணிக் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால்தான் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

என் மாமியாருக்கு 79 வயது. கும்பகோணத்தில் எங்களோடுதான் இருக்கிறார். அத்தை என்றே எழுதுகிறேன், அப்படித்தான் கை வருகிறது. சர்க்கரை, பிரஷர், முட்டி வலி, தூக்கம் வராது, சாப்பிட்டால் நெஞ்சு எரிச்சல். இந்த வயதில் யாருக்கு இல்லை? தினமும் 12 மாத்திரை, அது போக ஒரு சிரப். ஒவ்வொன்றையும் எழுதியவர் படித்தவர், கைராசிக்காரர் என்று ஊரில் பெயர் எடுத்தவர். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொரு மாத்திரைக்கும் நியாயமான காரணம் உண்டு. மொத்தத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டால்தான் பதில் கிடையாது.

அந்த 12 எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பல வீடுகளில் இதே வரிசையில்தான் நடக்கிறது. பிரஷருக்கு ஆம்லோடிபின் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விலை குறைவு, நல்ல மருந்து, எங்கள் தெருவில் பாதிப் பேர் சாப்பிடுவது. ஒரு கட்டத்தில் பிரஷர் ஏறுகிறது என்று அளவை இரண்டு மடங்காக்கினார்கள். கொஞ்ச நாளில் கணுக்கால் வீங்கியது, செருப்பு வார் பதிந்த தடம் ராத்திரி வரை போகாது. இது அந்த மருந்துக்கு எல்லோரும் அறிந்த பக்கவிளைவு. சின்ன ரத்தக்குழாய்கள் விரிந்து நீர் கசிந்து காலில் தேங்குகிறதே தவிர உடம்பில் நீர் கூடியதால் வருவதல்ல. ஆனால் வீக்கத்தைக் காட்டப் போனது வேறொரு டாக்டரிடம். அவர் நீர் பிரிய ஒரு மாத்திரை எழுதினார். பகலில் போட்டால் கோயிலுக்குப் போய் உட்கார முடியவில்லை என்று அத்தை அதைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டார். அப்புறம் என்ன, ராத்திரி முழுக்க பாத்ரூமுக்கு நடை. அதற்காக இன்னொரு டாக்டர், அவர் சிறுநீர்ப்பையை அடக்க ஆக்ஸிபியூடினின் கொடுத்தார். அது வாயை உலர்த்தி மலச்சிக்கலைக் கொண்டுவந்தது, அதற்கு சிரப். எழுந்தால் கிறுகிறுப்பு, அதற்கு ஒரு மாத்திரை.

பக்கவிளைவைப் புது நோய் என்று எண்ணி அதற்கு மேல் இன்னொரு மருந்தைக் கொடுத்துக்கொண்டே போவது பற்றி பவுலா ரோச்சன், ஜெர்ரி குர்விட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1990களிலேயே எழுதிவிட்டார்கள். முப்பது வருஷம் ஆகப்போகிறது. எங்கள் ஊருக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

ஒரு நாள் காலை அத்தை பாத்ரூம் வாசலில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். எலும்பு எதுவும் முறியவில்லை, ஆனால் பேச்சு சரியில்லை. என் கணவரைத் தன் தம்பி என்று நினைத்து, இறந்துபோன பெரியப்பாவுக்குச் சாப்பாடு ஆச்சா என்று விசாரித்தார். மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் 119. இருக்க வேண்டியது 135 முதல் 145. நம் பக்கம் "உப்புச் சத்து குறைஞ்சிடுச்சு" என்பார்களே, அதுதான். ஒல்லியான, வயதான பெண்களுக்கு நீர் மாத்திரையால் இது வருவது சகஜம். மாத்திரையை நிறுத்தி, மெதுவாகச் சோடியத்தை ஏற்றினார்கள். அதைச் சரியாகவே செய்தார்கள்.

ராத்திரிகள்தான் மோசம். டிரிப்ஸைப் பிடுங்கப் பார்த்தார், கையைத் துணிச் சுருளால் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். கத்தினார் என்று ஊசி போட்டார்கள். மறுநாள் முழுக்கத் தூக்கம், சாயங்காலம் மறுபடி கலவரம். அப்போது அங்கிருந்த டாக்டர் சொன்னார்: "வயசாயிடுச்சு இல்லம்மா, டிமென்ஷியா ஆரம்பிச்சிருக்கு." நான் கேட்டேன், "முந்தாநாள் வரைக்கும் பால் கணக்கு, கேபிள் கணக்கு எல்லாம் தேதியோட சொன்னாங்களே டாக்டர்?" பதில் வரவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் நீர் மாத்திரை போய் ஞாபக சக்திக்கு ஒரு மாத்திரை வந்திருந்தது. ஆக, மறுபடியும் 12.

இந்த இடத்தை மட்டும் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டிமென்ஷியா மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெதுவாக வருவது. மணிக்கணக்கில் அல்லது ஓரிரு நாளில் வந்து, காலையில் தெளிவும் ராத்திரியில் குழப்பமுமாக ஏறி இறங்கினால் அது டெலிரியம். அதற்கு உடம்பில் எங்கேயோ ஒரு காரணம் இருக்கும்: சோடியம், சிறுநீர்த் தொற்று, சளிக் காய்ச்சல், சிறுநீர் அடைப்பு, புதிதாகத் தொடங்கிய மருந்து. காரணத்தைச் சரி செய்தால் பெரும்பாலும் தெளியும், வயதானவர்களுக்குச் சில வாரம் ஆகலாம். கத்துகிறவர்களையாவது டாக்டர் கவனிப்பார். சத்தமில்லாமல் சுருண்டு கிடப்பதும் டெலிரியத்தின் ஒரு வகைதான், அதை "பாவம், நல்லா ரெஸ்ட் எடுக்கிறார்" என்று விட்டுவிடுகிறோம்.

அமெரிக்காவில் யேல் மருத்துவமனையில் ஷாரன் இனோயி என்ற மருத்துவர் 1999இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 70 வயது தாண்டிய 852 நோயாளிகள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு, இன்னொரு பாதிக்குக் கூடவே சில எளிய வேலைகள்: தேதியும் இடமும் சொல்லிப் பேச்சுக் கொடுப்பது, கண்ணாடியும் காது மெஷினும் போட்டுவிடுவது, தண்ணீர் கொடுப்பது, எழுப்பி நடக்கவைப்பது, ராத்திரி சத்தத்தைக் குறைத்துத் தூங்கவிடுவது. டெலிரியம் வந்தவர்கள் முதல் பாதியில் 15 சதவீதம், இரண்டாவதில் 9.9. ஒரு மாத்திரைகூட இல்லை. அங்கே இந்த வேலையைச் செய்யப் பயிற்சி கொடுத்துத் தன்னார்வலர்களை வைக்கிறார்கள். நம் ஊரில் நோயாளிக்குத் துணையாகக் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும், அட்டெண்டர் என்ற வீட்டு ஜீவன் இலவசமாகவே உண்டு! அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத்தான் ஆளில்லை.

நான் செய்தது: வீட்டிலிருந்து கண்ணாடியும் பல் செட்டும் கொண்டுவந்தேன். கட்டிலில் இருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு சுவர்க் கடிகாரத்தை மேஜையில் சாய்த்து வைத்தேன். பகலில் ஜன்னல் திரையைத் திறந்துவிட்டேன். யூரின் டியூப் இன்னும் தேவையா என்று தினமும் ரவுண்ட்ஸில் கேட்டேன், கேட்டதால்தான் எடுத்தார்கள். வந்தவர்கள் எல்லோரிடமும் "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்று பரீட்சை வைக்க வேண்டாம், நேராகப் பெயரைச் சொல்லிப் பேசுங்கள் என்று கறாராகச் சொன்னேன். இதில் சில உறவுகள் முறுக்கிக்கொண்டன, பரவாயில்லை.

வீட்டுக்கு வந்தபின் தெளிவு திரும்பினாலும் நடை தள்ளாடியது. நாத்தனார் வீடு சென்னையில் இருப்பதால் அங்கே முதியோர் மருத்துவம் படித்த ஒருவரிடம் கூட்டிப்போனோம். இந்தப் படிப்பு நம் நாட்டில் அரிது. இத்தனைக்கும் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978லேயே முதியோருக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவு வந்துவிட்டது, 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இதற்கு எம்.டி. படிப்பும் தொடங்கிவிட்டார்கள். கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறந்தார்கள். சென்னை போக வசதி இருப்பவர்களுக்கு அது நல்ல வாசல்.

போன் பண்ணி நேரம் கேட்டபோதே சொல்லிவிட்டார்கள்: சீட்டு வேண்டாம், வீட்டில் இருக்கிற மருந்தை எல்லாம் கொண்டுவாருங்கள். அத்தை எப்போதும் வைத்திருக்கும் மஞ்சப்பையை அப்படியே எடுத்துப் போனோம். டாக்டர் அதை மேஜையில் கொட்டினார். கொட்டிய பிறகு பார்த்தால்தான் தெரிகிறது எவ்வளவு குப்பை என்று. மெடிக்கலில் பத்து மாத்திரை அட்டையை மூன்று, நான்கு என்று கத்தரித்துக் கொடுப்பார்கள் அல்லவா, அதில் பாதித் துண்டுகளில் பெயரே இல்லை, ஓரத்தில் தேதி மட்டும் இருந்தது. பெயர் இருந்தவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து டாக்டர் இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் வைத்தார். வேறு வேறு கம்பெனி, வேறு வேறு நிறம், உள்ளே இருப்பது ஒரே பேன்டோபிரசோல். நெஞ்செரிச்சலுக்கு ஒருவர், மற்ற மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க இன்னொருவர், ஆக தினமும் இரண்டு.

கடைசியில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரையை எடுத்து, "இது யார் குடுத்தது?" என்றார்.

"யாரும் குடுக்கல. முட்டிக்கு. பையனை விட்டுக் கடைல வாங்கிப்பேன்."

"தினமுமா?"

"தினமும் எங்க, வலிச்சாத்தான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "தினமும்தான் வலிக்குது" என்றார்.

டைக்ளோஃபினாக். எந்தச் சீட்டிலும் இல்லாததால் எந்த டாக்டருக்கும் தெரியாது. இந்த வகை வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும். பிரஷர் ஏறுகிறது என்று ஆம்லோடிபினைக் கூட்டியதும், கால் வீங்கியதும், நீர் மாத்திரையும், மற்றதும் எல்லாம் இங்கேயிருந்து கிளம்பியிருக்க வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் ஒரு தாளில் அம்புக்குறி போட்டுக் காட்டினார்.

அதற்கப்புறம் அவர் பார்த்தது எல்லாம் பெரிய கருவி எதுவும் தேவையில்லாத விஷயங்கள். படுக்கவைத்து பிரஷர் பார்த்தார், எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி பார்த்தார். படுத்தபோது 148, நின்று மூன்று நிமிஷத்துக்குள் 116. நிற்கும்போது மேல் எண் 20க்கு மேல் இறங்கினால் விழுகிற அபாயம் இருக்கிறது என்று அர்த்தம். கிறுகிறுப்புக்குக் காரணம் அங்கே இருந்தது, நாங்கள் அதற்குக் காதுக்கான மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம். காது என்றதும் நினைவு வருகிறது, காதில் அழுக்கு கட்டியாக அடைத்திருந்தது. எடுத்துவிட்டு ஞாபகப் பரீட்சை வைத்தார், நன்றாகவே பதில் சொன்னார். மருத்துவமனையில் கேள்வியே பாதி கேட்டிருக்காது.

பரிசோதனைக்கு நடுவில் டாக்டர் ஒரு விஷயம் சொன்னார், ஊருக்கு வந்தபின் தேடிப் படித்தேன். சிந்தியா பாய்ட் என்ற மருத்துவரும் சக ஆய்வாளர்களும் 2005இல் ஒரு காரியம் செய்தார்கள். எலும்புத் தேய்மானம், மூட்டுவலி, சர்க்கரை, பிரஷர், நுரையீரல் கோளாறு எல்லாம் உள்ள ஒரு பெண்மணியைக் கற்பனை செய்துகொண்டு, ஒவ்வொரு நோய்க்கும் இருக்கும் வழிகாட்டு நெறிமுறையை அப்படியே பின்பற்றினால் அவருக்கு என்னவெல்லாம் எழுத வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். 12 மருந்து வந்தது. அந்தக் கற்பனைப் பெண்மணியின் வயது 79. அத்தையிடம் இதைச் சொன்னபோது, "யாரு அவ, என்னைப் பார்த்து எழுதினாளா?" என்றார். விஷயம் என்னவென்றால், நெறிமுறைகள் எல்லாம் ஒரு நோய்க்கு ஒன்று என்று எழுதப்பட்டவை. பல நோய் சேர்ந்த வயதானவர்களை மருந்து ஆய்வுகளில் சேர்ப்பதே குறைவு. நிஜத்தில் மருந்து சாப்பிடுவது அவர்கள்தான்.

என்னென்ன மாறியது? வலி மாத்திரை போனது, பதிலாக வலிக்கும்போது பாராசிட்டமாலும் தொடைக்குப் பயிற்சியும். ஆம்லோடிபின் பாதியானது, வீக்கம் வற்றியது. ஆக்ஸிபியூடினின், கிறுகிறுப்பு மாத்திரை, ஞாபக மாத்திரை, சிரப் போயின. சர்க்கரையில்தான் எனக்கு ஆச்சரியம். மூன்று மாதச் சராசரி, அதாவது எச்பிஏ1சி, 6.4 இருந்தது, நாங்கள் பெருமையாக நீட்டினோம். டாக்டர் முகம் சுளித்தார். இத்தனை நோயோடு இருக்கும் வயதானவர்களுக்கு 8க்குள் இருந்தால் போதும், கீழே போகப் போகத் தாழ்சர்க்கரையில் மயங்கி விழுவதுதான் பெரிய ஆபத்து என்றார். சர்க்கரையை மிகக் கடுமையாகக் குறைத்துப் பார்த்த அக்கார்ட் என்ற பெரிய ஆய்வில், அந்தப் பிரிவில் இறப்பு கூடியதால் 2008இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். அத்தை சாப்பிட்ட கிளிபென்கிளமைடு நெடுநேரம் வேலை செய்வது, முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் இருப்பது. பீர்ஸ் பட்டியல் என்பார்கள். மார்க் பீர்ஸ் என்ற மருத்துவர் 1991இல் தொடங்கியது, அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2023இல்கூடத் திருத்தி வெளியிட்டது. அதனால் மெட்ஃபார்மின் மட்டும் மிச்சம்.

ஆஸ்பிரினும் போனது. அத்தைக்கு மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை, ஸ்டென்ட் இல்லை, யாரோ எப்போதோ "சேஃப்டிக்கு" எழுதியது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் ஆரோக்கியமான 19,114 முதியவர்களை வைத்து நடத்திய ஆஸ்ப்ரீ ஆய்வு 2018இல் வந்தது: தடுப்புக்காகச் சாப்பிடுவதில் ஆயுளுக்கோ நடமாட்டத்துக்கோ பலன் இல்லை, ரத்தக்கசிவு மட்டும் கூடியது. ஸ்டென்ட் வைத்தவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், அவர்கள் கதை முற்றிலும் வேறு. ஆஸ்பிரினும் டைக்ளோஃபினாக்கும் போனதும் வயிற்றைக் காக்கும் மாத்திரைக்கும் வேலை இல்லாமல் போயிற்று. ஒன்று கூடவும் செய்தது: வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிட்டதில் பி12 குறைந்து பாதம் மரத்துப்போயிருந்தது, அதற்கு மாத்திரை.

இதைக் கேட்டுவிட்டு என் சித்தப்பா, "அதான் நான் அப்பவே சொன்னேன், இங்கிலீஷ் மருந்தே வேண்டாம்" என்றார். அவர் அப்படிச் சொல்லவே இல்லை, அது வேறு விஷயம். நான் சொல்வது அதுவும் இல்லை. 80 தாண்டியவர்களுக்கு பிரஷர் மருந்து கொடுத்துப் பார்த்த ஹைவெட் ஆய்வில் (2008) இறப்பு குறைந்தது, மருந்து வேலை செய்கிறது. எதை, எவ்வளவு, எது வரைக்கும் என்பதுதான் கேள்வி. நீங்களாக நிறுத்தவும் கூடாது. தூக்க மாத்திரை, வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு, இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து இவற்றைத் திடீரென்று விட்டால் வம்பு. எங்கள் டாக்டரும் எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கிப்போடவில்லை. ஒரு தடவைக்கு ஒன்றோ இரண்டோ, நடுவில் சில வாரம் இடைவெளி, நானும் பிரஷரும் சர்க்கரையும் குறித்து வைத்தேன். ஒன்றாக நிறுத்தினால் எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்றே தெரியாது.

நீங்கள் உடனே செய்யக்கூடியது ஒரு தாள் தயாரிப்பது. மருந்தின் உள்பெயர் (கம்பெனி பெயர் வேண்டாம், அட்டையில் பொடி எழுத்தில் இருப்பது), எதற்காக, யார் எழுதியது, எப்போது தொடங்கியது, எப்போது முடிய வேண்டும். கடையில் வாங்கும் வலி மாத்திரை, சளி மாத்திரை, சூரணம், லேகியம், வெளிநாட்டிலிருந்து வந்த டப்பா எல்லாம் அதில் ஏற வேண்டும். சளி மாத்திரை என்றால் அலட்சியம் வேண்டாம், பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் முதியோருக்குக் குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் கொண்டுவரும். மெடிக்கலில் பெயர் இருக்கும் துண்டைக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் முழு அட்டையாக வாங்குங்கள். டாக்டரிடம் போனால் "இதுல எதையாவது நிறுத்தலாமா?" என்று கேளுங்கள். கோபப்படுவார்களோ என்று பயந்தேன், பெரும்பாலும் படவில்லை. புதிதாக எழுதினால் "இப்ப இருக்கிற மருந்தாலயே இது வந்திருக்குமா?" என்று கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிரஷர், சர்க்கரை மாத்திரை வாங்குகிறவர்கள் அதைக் கொண்டுவரும் சகோதரியிடமும் தாளைக் காட்டி வையுங்கள்.

அப்புறம் கால். மருந்துக்குக் கொடுக்கும் கவனத்தில் கால்வாசியைக்கூடக் காலுக்கு நாம் கொடுப்பதில்லை. 2007இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் இருக்கவைத்தார்கள், கால் தசையில் ஏறக்குறைய ஒரு கிலோ போய்விட்டது. நோயும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மறுபக்கம், 1990இல் மரியா ஃபியட்டரோன் என்பவர் 90 வயதுக்காரர்கள் பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்ததில் காலின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. 90 வயதில்! நாம் என்ன செய்கிறோம், "நீங்க உக்காருங்க, நான் எடுத்துத் தரேன்" என்று பாசத்தால் படுக்கவைக்கிறோம். அத்தைக்கு இப்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, கைவைத்த நாற்காலியில் இருந்து எழுந்து எழுந்து உட்காருவது, காலையும் மாலையும். சீரியல் விளம்பர இடைவேளையில் செய்கிறார். ராத்திரி இரண்டு இட்லியோடு நிறுத்தாமல் சுண்டலோ பாசிப்பயறோ கெட்டித் தயிரோ சேர்க்கிறோம். முதியோருக்கு எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு.

இப்போது ஐந்து மாத்திரை. அதில் தூக்க மாத்திரை ஒன்றுதான் இன்னும் மல்லுக்கட்டுகிறது. அது இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க முழித்திருப்பேன் என்று அத்தை அடம். கனடாவில் 2014இல் வந்த ஒரு ஆய்வில், இந்த மாத்திரையின் ஆபத்தையும் படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையையும் ஒரு சிறு கையேட்டில் போட்டு முதியவர்களிடமே கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 27 சதவீதம் பேர் நிறுத்திவிட்டார்கள், கையேடு கிடைக்காதவர்களில் 5 சதவீதம்தான். அதே மாதிரி டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டவணையைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். பாதியாகி, இப்போது கால் மாத்திரை. கத்தியால் வெட்டுவது அத்தைதான், நான் வெட்டினால் சின்னத் துண்டாகக் கொடுத்து ஏமாற்றுகிறேனாம். இன்னும் இரண்டு மாதமாவது ஆகும் என்கிறார் டாக்டர், பொங்கலுக்குள் முடித்துக் காட்டுகிறேன் என்கிறார் அத்தை.